லூர்துசாமியின் இடது கண்

போன மாதம், தெரிந்தவர் வீட்டுப் பெண் ஹேமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பழைய மரச்சாமான்களை வாங்கிப் புதுப்பித்து ஆன்லைனில் விற்கிற கம்பெனி ஒன்று பெங்களூர் பொம்மசந்திராவில் இருக்கிறது, அதில் மேனேஜர். அவள் கையில் ஒரு போன், போனில் ஒரு ஆப். மரத்தைப் படம் பிடித்துக் காட்டினால் அது என்ன மரம், முழு மரமா வெனீரா என்றெல்லாம் சொல்லிவிடுமாம். "பாருங்க அங்கிள்" என்று எங்கள் வீட்டு மேஜைக்கு நேராகப் பிடித்தாள். மேஜைமேல் ஊன்றியிருந்த என் முழங்கை குறுக்கே வந்துவிட்டது. ஆப் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பர்மா தேக்கு, மிகப் பழையது, பாலிஷ் தேவை" என்றது. மேஜையைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, பாலிஷ் தேவை என்பது வரைக்கும் சரிதான் என்றாள்.

ஹேமாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, "எங்க ஸ்டாஃப் குரூப்ல போடறதுக்கு, வெனீரை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு ஒரு நாலு வரி எழுதிக் குடுங்க அங்கிள்" என்றாள்.

நாலு வரியை முதலில் எழுதிவிடுகிறேன். வெனீர் என்றால் ஒன்றுமில்லை. நல்ல மரத்தைத் தோசை கனத்துக்கு ஏடு ஏடாக அறுத்து, சாதாரணப் பலகைமேல் ஒட்டுவது. விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடுகிற ரேகை விளிம்பிலும் இறங்கித் தொடர்ந்தால் முழு மரம், வாசல்வரை வந்து நின்றுவிட்டால் வெனீர். கதவின் முன்னால் ஒரு கணு முடிச்சு இருந்தால் பின்னால் போய்த் தேடுங்கள், அதற்கு அங்கேயும் ஏதாவது தடயம் இருக்க வேண்டும். தண்ணீர் பட்ட இடத்தில் கொப்புளம் கட்டியிருந்தால் யோசிக்கவே வேண்டாம். கடைசியாக, ஒரே ரேகை, ஒரே முடிச்சு, அச்சு அசலாக இரண்டு இடத்தில் தெரிந்தால் அது வெனீர்தான். எந்த மரமும் ஒரே முகத்தை இரண்டு தடவை வளர்க்காது.

ஹேமாவுக்கு வேண்டியது இத்துடன் முடிந்தது. இந்தக் கடைசி வரியால் நானும் முனிரத்தினம் மேஸ்திரியும் பட்ட பாட்டைத்தான் இனிமேல் எழுதப்போகிறேன். அவள் இதை குரூப்பில் போடுவாளோ மாட்டாளோ, எனக்குத் தெரியாது.

நான் பாலிஷ்காரன். பெயர் ஆரோக்கியம். விவேக் நகரில் பிறந்து, படிப்பு ஏறாமல், பிரேசர் டவுனில் முனிரத்தினம் மேஸ்திரியின் பட்டறையில் சேர்ந்தேன். முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்தேன். வஜ்ரம் காய்ச்சினேன். வஜ்ரம் என்பது மாட்டுத்தோலில் செய்கிற பசை, அந்த வாசனைக்கு பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே இருக்கும். தேய்த்துத் தேய்த்து என் கைரேகையே போய்விட்டது. பிற்பாடு ஆதார் கார்டு எடுக்கப் போனபோது அந்த மெஷின் என்னை ஒரு மனுஷனாகவே ஒப்புக்கொள்ளவில்லை.

மேஸ்திரியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பட்டறைக்கு வருவதற்கு முன் அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டுபாயாக இருந்தார். மச்சான் காலமாகி, பட்டறையை நடத்த ஆளில்லாமல் இங்கே வந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வேலையை விட்டாரே தவிர ஆஸ்பத்திரியை விடவில்லை. சாமான் வந்து இறங்கினால் 'அட்மிஷன்'. வேலை முடிந்து போனால் 'டிஸ்சார்ஜ்'. செருப்பை வெளியே விட வேண்டும். சாமானைப் பார்க்க வேண்டுமானால் சாயங்காலம் விசிட்டிங் அவரில் வர வேண்டும், மற்ற நேரத்தில் வந்தால் நோயாளி தூங்குகிறார் என்று திருப்பி அனுப்பிவிடுவார். என்னை வேலைக்கு எடுத்ததே என் பெயரைக் கேட்டுத்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

முதல் நாள் எல்லா வாடிக்கையாளர்களும் சிரிப்பார்கள். அடுத்த வாரம் பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள். ஒரு ரிட்டயர்டு கர்னல் தன் சாய்வு நாற்காலிக்கு இளநீர் கொண்டுவந்தார். நோயாளியின் சார்பாக மேஸ்திரி அதைக் குடித்தார். போகப்போக எல்லோரும் அவரை டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

டாக்டர் ஒரு சாமானைச் சோதிப்பது பார்க்கத் தகுந்த காட்சி. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வருவார். விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். டிராயரை இழுத்து மோந்து பார்ப்பார். கட்டைவிரல் நகத்தை விளிம்போடு மெதுவாக ஓட்டுவார், எங்கேயாவது நகம் தடுக்கினால் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு சொந்தக்காரரிடம் திரும்பி, "எத்தினி நாளா இப்படி இருக்கு? மழைன்னா அதிகமாகுதா? ராத்திரியில சத்தம் போடுதா?" என்று கேட்பார். படித்தவர், படிக்காதவர், எல்லோரும் குரலைத் தாழ்த்தி, "ஆமா டாக்டர், ரெண்டு மணிக்கு மேல ஒரு மாதிரி முனகுது" என்று பதில் சொல்வார்கள்.

பட்டறையில் ஒரே ஒரு வார்த்தைக்குத் தடை. வெனீர். அதற்குக் காரணம் ஒரு வக்கீல். டாக்டர் தொழிலுக்கு வந்த புதிதில் அந்த வக்கீலின் மேஜையைத் தட்டிப் பார்த்து, "சார், இது முழுத் தேக்கு இல்ல, வெனீர்" என்று பட்டென்று சொல்லிவிட்டார். வக்கீலின் தாத்தா உட்கார்ந்து கேஸ் எழுதிய மேஜை. வக்கீல் அப்படியே தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "அப்போ எங்க தாத்தா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். மேஜையை எடுத்துப்போக அவர் திரும்பி வரவே இல்லை.

"நோயாளி நல்லா கீறான், கூட வந்தவன்தாம்பா சாகறான்" என்றார் டாக்டர். அன்றிலிருந்து வெனீர் சாமானுக்கு எங்கள் பட்டறையில் 'பத்தியம்' என்று பெயர். தண்ணீர் ஆகாது, முரட்டு உப்புத்தாள் ஆகாது, வெயில் ஆகாது என்பதால் அந்தப் பெயர் பொருத்தம்தான். "உங்க பீரோவுக்குக் கொஞ்சம் பத்தியம் இருக்குங்க" என்று சொன்னால் யாரும் மயங்கி விழுவதில்லை. அக்கறையாகக் கேட்டுக்கொண்டு போவார்கள்.

இடையில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வெனீர் என்றால் மட்டம், ஏமாற்று என்று நினைக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முழு ஈட்டி மரத்தில் ஒரு பீரோ செய்து பாருங்கள், மாடிக்கு ஏற்ற ஆள் கிடைக்காது, கதவு முறுக்கிக்கொண்டு நிற்கும். ஏடு அறுத்து, ரேகைக்கு ரேகை பொருத்தி ஒட்டுவதற்கு எவ்வளவு கைவேலை வேண்டும். ஆனாலும் ஜனங்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதில்தான் மானம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முந்தைய மழைக்காலம். ஒரு வியாழக்கிழமை விவேக் நகரிலிருந்து ஒரு டெம்போ வந்தது. வியாழக்கிழமை குழந்தை இயேசு கோவில் கூட்டம் எப்படி இருக்கும் என்று பெங்களூர்க்காரர்களுக்குத் தெரியும், அதற்குள் மாட்டி ஊர்ந்து வந்திருக்கிறது. டெம்போவின் பின்னால், ஒரு ஈட்டி பீரோவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நல்ல பட்டுப்புடவையில் ஒரு அம்மா நின்றிருந்தார். ஜெசிந்தாம்மா. ரிட்டயர்டு டீச்சர். கணவர் லூர்துசாமி இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. உயிரோடு இருந்தவரை அரசாங்கத்தில் தராசு, எடைக்கல் சோதிக்கிற இன்ஸ்பெக்டர்.

"மெதுவா இறக்குங்கப்பா, அவருக்கு ஏற்கெனவே கண்ணு போயிருக்கு" என்றார்.

யாருக்கு என்று நாங்கள் கேட்கும் முன்பே பீரோ இறங்கி நின்றது. பார்த்ததும் நானும் டாக்டரும் ஒரு அடி பின்னால் போனோம். பீரோவில் ஒரு மூஞ்சி இருந்தது.

இது எப்படி என்று சொல்கிறேன். ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து அறுத்த இரண்டு ஏடுகளை, புத்தகத்தை விரிப்பது மாதிரி விரித்து ஒட்டுவார்கள். இடது கதவில் என்ன இருக்கிறதோ அது வலது கதவில் அப்படியே, கண்ணாடியில் பார்ப்பதுபோல வரும். அதனால் ஒரு முடிச்சு இரண்டு கண்ணாகிவிடும். இந்த பீரோவில் கண்ணுக்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டை வளைந்து அடர்த்தியான மீசையாகியிருந்தது. தாடை, காது, எல்லாம் இருந்தது. கணவர் இறந்த துக்கத்தில் பீரோவுக்கு எதிரே உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தாம்மா முதன்முதலாக அதைப் பார்த்தாராம். கைப்பையிலிருந்து லூர்துசாமியின் போட்டோவை எடுத்துக் காட்டினார். அவரேதான். போட்டோவில் வலது கன்னத்தில் மட்டும் ஒரு மச்சம். பீரோவில் இரண்டு கன்னத்திலும் இருந்தது. நான் அதைக் காட்டினேன்.

"மோட்சத்துல எல்லாத்தையும் சரிபண்ணிடுவாங்க" என்றார் ஜெசிந்தாம்மா. "ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்கறதுதானே அவர் வேலையே."

பீரோவை அவர் எப்போதும் இரண்டு கதவையும் சேர்த்துத்தான் திறப்பாராம். ஒரு கதவை மட்டும் திறந்தால் பாதி மூஞ்சி தனியாகப் போய்விடுகிறது, புருஷனை அப்படிப் பிளக்க மனசு வரவில்லை என்றார். மழையில் கூரை ஒழுகி, இடது கண் கொப்புளம் கட்டி, வெடித்து, விழுந்துவிட்டது. வேலைக்கார அம்மா அதைப் பெருக்கிக் குப்பையில் போட்டுவிட்டாள். ஜெசிந்தாம்மா குப்பை ஆட்டோவின் பின்னால் தெருக்கோடி வரைக்கும் ஓடியிருக்கிறார். கிடைக்கவில்லை. கண் இருந்த இடத்தில் அடிப்பலகை வெளேரென்று தெரிந்தது.

"தண்ணி பட்டு வெளுத்துப்போச்சு டாக்டர். முழு ஈட்டி. அவரே கடையில நின்னு பார்த்து வாங்கினது. 'ஜெசி, ஒரு துண்டு வெனீர் கிடையாது, முழு ஈட்டி'ன்னு சொன்னாரு. அவர் வாயில பொய்ங்கறதே வந்ததில்ல."

டாக்டர் நகத்தை விளிம்பில் ஓட்டி, கண்ணை மூடிக்கொண்டார். "பத்தியம் இருக்கும்மா" என்றார்.

அடுத்த நாளே வேலையைத் தொடங்கினோம். கண்ணைச் சுற்றி மிச்சமிருந்த கொப்புளத்தை ரேகையோடு போகிற மாதிரி சவரக் கத்தியால் கீறினேன். குறுக்கே கீறினால் தழும்பு தெரியும். கீறலுக்குள் சூடான வஜ்ரத்தை மெல்லிய கத்தியால் தள்ளி, மேலே ஈரத்துணி போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்து, பலகை வைத்து பாரம் ஏற்றினோம். கொப்புளம் படிந்துவிட்டது. ஆனால் கண்ணுக்கு என்ன செய்வது? எங்களிடம் இருந்த பழைய ஈட்டி ஏடுகளையெல்லாம் கொட்டி, ஒவ்வொரு முடிச்சாக வைத்துப் பார்த்தோம். ஒன்றை வைத்தால் லூர்துசாமி குடித்திருப்பதுபோல இருந்தது. இன்னொன்றில் யாரையோ அடிக்கப் போவதுபோல முறைத்தார். ஒன்றில் அழுதார். "மாத்துக் கண்ணு கிடைக்கணும்மா, காத்திருக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஜெசிந்தாம்மா தினம் விசிட்டிங் அவரில் வந்தார். ஸ்டூலைப் போட்டு பீரோ முன்னால் உட்கார்ந்து, தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்வார். துபாயிலிருந்து மகள் வீடியோ காலில் வந்து, "அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பாள். டாக்டர் போனை வாங்கி, "கண்டிஷன் ஸ்டேபிள்" என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் பிரேசர் டவுனிலிருந்தே ஒரு பீரோ வந்தது. மும்தாஜ் மேடம் என்று ஒருவர். ஆம்பூரிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர், பேரன் பேத்தி எடுத்தவர். மகன் வீட்டை இடித்துக் கட்டுகிறான், புது பெட்ரூம் முழுக்க வெள்ளை, இந்த பீரோவுக்கும் வெள்ளை பெயிண்ட் அடித்துக் கொடுங்கள் என்றார். போர்வையை விலக்கினோம். அதே மூஞ்சி. அதே கண், அதே மீசை, இரண்டு கன்னத்திலும் மச்சம். டாக்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஒரே கட்டையில் அடுத்தடுத்த நாலு ஏடு. இரண்டு அந்த பீரோவுக்கு, இரண்டு இந்த பீரோவுக்கு. எங்கள் தொழிலில் இது அதிசயமே இல்லை, ஆனால் இரண்டும் ஒரே கூரைக்கு அடியில் வந்து சேர்ந்ததை நான் பார்த்ததில்லை.

"இது யார்னு தெரியுதா?" என்றார் மும்தாஜ் மேடம். "எங்க மாமியாரு. மீசை உட்பட அவங்கதான். போய்ச் சேர்ந்த பிறகும் நான் புடவை எடுக்கப் போனா இப்படித்தான் முறைச்சுக்கிட்டு நிக்கறாங்க. நல்லா ரெண்டு கோட் அடிங்க மேஸ்திரி."

மாற்றுக் கண் கிடைத்துவிட்டது. கேட்டதும் மும்தாஜ் மேடம் தாராளமாகச் சம்மதித்தார், ரெண்டு கண்ணையுமே எடுத்துக்கோங்க என்றார். ஜெசிந்தாம்மாவுக்கு இது தெரியக் கூடாது என்று டாக்டர் முடிவு செய்தார். ஆஸ்பத்திரியில் கட்டுவதுபோலப் பச்சைத் துணியில் ஒரு திரை கட்டி, இந்தப் பக்கம் புருஷனும் அந்தப் பக்கம் மாமியாருமாக நிறுத்தினோம்.

எங்கள் நேரம், எந்த வெள்ளை என்று காட்டுவதற்கு மும்தாஜ் மேடம் கலர் கார்டோடு வந்தது விசிட்டிங் அவரில். நேராகப் போய்த் திரையை விலக்கினார். ஸ்டூலில் இருந்த ஜெசிந்தாம்மா திரும்பிப் பார்த்தார்.

எழுந்து கிட்டே போனார். தன் பீரோவைப் பார்த்தார். மறுபடி அந்த பீரோவைப் பார்த்தார்.

"இது எங்க வீட்டுக்காரர்" என்றார்.

"இல்லீங்க அக்கா, இது எங்க மாமியாரு."

"எங்க வீட்டுக்காரர் உங்க வீட்டுல எதுக்கு இருக்காரு?"

ஜெசிந்தாம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. முழு ஈட்டி என்று லூர்துசாமி சொன்னார். அவர் பொய் சொல்ல மாட்டார். முழு மரத்தில் ஒரே முகம் இரண்டு இடத்தில் வராது. அப்படியானால் இந்த முகம் அந்த வீட்டுக்கு எப்படிப் போயிற்று? அந்த அம்மாவின் மனசு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது.

"இந்த பீரோவை உங்க மாமியாருக்கு யார் வாங்கிக் குடுத்தாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் கல்யாணமாகி வரும்போதே இருந்துச்சு."

"மாசா மாசம் பிரேசர் டவுன் பக்கம் இன்ஸ்பெக்‌ஷன்னு கிளம்பிடுவாரு" என்று ஜெசிந்தாம்மா மெதுவாகச் சொன்னார். "இங்க அப்படி எத்தனை தராசு இருக்குன்னு நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்ல."

இப்போது மும்தாஜ் மேடத்துக்குப் புரிந்தது. கலர் கார்டைக் கீழே போட்டார். "யா அல்லா! என்ன பேசறீங்க அக்கா? எங்க மாமியாரு நாலு பொம்பளைங்க துணையில்லாம தெருவுல கால் வச்சதில்ல. தொழுகை ஒரு வேளை விட்டதில்ல. அவங்க மேலயா பழி போடறீங்க?" கொஞ்ச நேரத்துக்கு முன்பு ரெண்டு கோட் அடிக்கச் சொன்னவர், மாமியாரின் முன்னால் போய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். "மேஸ்திரி, இது என்னன்னு இப்பவே சொல்லுங்க. எங்க குடும்ப மானம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அரக்கு டப்பாவைப் பார்த்தேன்.

"பத்தியம்மா..." என்று ஆரம்பித்தார்.

"பத்தியமாவது கித்தியமாவது! திறந்து காட்டுங்க!"

இஸ்திரிப் பெட்டியைச் சூடு செய்யச் சொன்னார் டாக்டர். கையைக் கழுவிக்கொண்டு வந்தார். மும்தாஜ் மேடத்தின் பீரோவில் இடது கண்ணைச் சுற்றிக் கத்தியால் ரேகையோடு கோடு போட்டு, ஈரத்துணியை மடித்து வைத்து, அதன்மேல் பெட்டியை வைத்தேன். ஆவி வந்தது. வஜ்ரத்தின் குணம் அது, சூடும் ஈரமும் பட்டால் எத்தனை வருஷம் பிடித்துக்கொண்டிருந்ததையும் விட்டுவிடும். டாக்டர் தட்டையான புட்டிக் கத்தியை அடியில் நுழைத்து நெம்பினார். கண் தனியாக வந்து கத்தியின்மேல் உட்கார்ந்தது. அடியில் வெளேரென்று காட்டுமரப் பலகை.

டாக்டர் அந்த ஏட்டை உள்ளங்கையில் ஏந்தி ஜெசிந்தாம்மாவிடம் நீட்டினார்.

"அம்மா, இது வெனீர்" என்றார். வக்கீலுக்குப் பிறகு அந்த வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "ஒரு கட்டையில அறுத்த ஏடும்மா. கடைக்காரன் ரெண்டு பீரோ பண்ணி ரெண்டு பேருக்கு வித்திருக்கான். அவ்ளோதான். அந்தம்மா யாரோ, சார் யாரோ."

ஜெசிந்தாம்மா அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் பீரோவைக் காட்டி, "அவருமா?" என்று கேட்டார்.

"அவரும்தாம்மா."

அந்த அம்மா தண்ணீர் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"அப்ப முழு ஈட்டின்னு சொன்னது?"

"கடைக்காரன் அவரை ஏமாத்தியிருப்பாம்மா" என்றார் டாக்டர், அவசரமாக.

அதுதான் தப்பாகப் போயிற்று. "பெங்களூர்ல இருக்கற அத்தனை கடைக்காரங்க தராசையும் பிடிச்சவரு டாக்டர் அவரு. அவரை ஒரு பீரோ கடைக்காரன் ஏமாத்துவானா? என் வீட்டுக்காரர் என்ன முட்டாளா?" என்று சத்தம் போட்டார். பட்டறையில் சத்தம் போட்டுப் பேசக் கூடாது என்று டாக்டர் அன்றைக்குச் சொல்லவில்லை. முட்டாளும் இல்லை, வேறு தொடர்பும் இல்லை என்றால் மிச்சம் ஒன்றுதான். லூர்துசாமி தெரிந்தே பொய் சொல்லியிருக்கிறார். ஜெசிந்தாம்மா பையை எடுத்துக்கொண்டு, பீரோவைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

"எப்படியோ எங்க மாமியாரு பேரு தப்பிச்சுது" என்றார் மும்தாஜ் மேடம். ஆனால் அவர் குரலிலும் சுரத்தில்லை.

அதற்குப் பிறகு பல நாள் விசிட்டிங் அவரில் ஸ்டூல் காலியாகவே இருந்தது. துபாய் போனும் வரவில்லை. டாக்டர் நாலு மணியானால் வாசலைப் பார்ப்பார். "கூட இருக்கறவங்க கைவிட்டுட்டா நோயாளி தேறாதுப்பா" என்பார். எடுத்துப்போக வராத வக்கீலின் மேஜை இன்னும் மூலையில்தான் கிடந்தது, அதன்மேல்தான் நாங்கள் டிபன் வைத்துச் சாப்பிடுவோம். இதுவும் அப்படி ஆகிவிடுமோ என்று எனக்கு பயம்.

இருந்தாலும் ஆபரேஷனைச் செய்தோம். ஒட்டுப் போடுகிற துண்டைச் சதுரமாக வெட்டக் கூடாது, சதுரம் எங்கே இருந்தாலும் கண்ணில் குத்தும். ஓடம் மாதிரி இரண்டு முனையும் கூராக, கறுப்பு ரேகை எங்கே ஓடுகிறதோ அதன் ஓரமாகவே வெட்ட வேண்டும். புதுக் கண்ணைக் குழியின்மேல் வைத்து, இரண்டையும் ஒரே கத்தி வீச்சில் வெட்டிப் பொருத்தினேன். வஜ்ரம் தடவி, காகிதம் போட்டு, பாரம் வைத்து, காயவிட்டு, கண்ணாடிச் சில்லால் சமமாகச் சுரண்டினேன். பிறகு துணிக்குள் பஞ்சு வைத்துக் கட்டிய பொட்டலத்தில் அரக்குப் பாலிஷைத் தொட்டு, எட்டுப் போடுவதுபோலக் கையை ஓட்டி, கோட் மேல் கோட்டாக ஏற்றினேன். ஒட்டு மறைந்தது. நானே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஆனால் பார்வை மாறிவிட்டது. மரத்துக்குள் முடிச்சு நேராகப் போவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டே போகும். மும்தாஜ் மேடத்தின் ஏடுகள் இரண்டு ஏடு தள்ளி அறுத்தவை. அதனால் இந்தக் கண் சற்றுச் சுருங்கி, ஓரமாகப் பார்த்தது. வலது கண் நேராகப் பார்க்க, இடது கண் ஜன்னல் பக்கம் நழுவியது.

"இன்னாப்பா இது, கண்ணு ஓரமா போவுதே" என்றார் டாக்டர். பிரஷ் எடுத்து ஒரு பொட்டு வைக்கலாமா என்று யோசித்தார். வேண்டாம் என்று விட்டுவிட்டோம். ஜெசிந்தாம்மாவுக்குப் போன் செய்து, டிஸ்சார்ஜ் ரெடி என்று மட்டும் சொன்னார்.

வந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, கோபமாகத்தான் பீரோவைப் பார்த்தார். பார்த்தவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டாக்டர், இந்தக் கண்ணு..."

"ஸ்வல்ப ஓரமா இருக்கும்மா. வேணும்னா எடுத்துட்டு வேற—"

"தொடாதீங்க." கிட்டே போய், தலையைச் சாய்த்து, அந்தக் கண்ணுக்கு நேராக நின்றார். அழப்போகிறார் என்று நினைத்தேன், சிரித்தார். "ஆபீஸ்ல வேலைன்னு சினிமாவுக்குப் போயிட்டு வந்து நிக்கும்போது இப்படித்தான் பார்ப்பாரு. என் அம்மாவுக்கு சுகமில்லாதப்ப, ஒண்ணுமில்ல ஜெசி சாதாரண ஜுரம்தான்னு சொல்லும்போதும் இப்படித்தான். ஜன்னலைப் பார்ப்பாரு."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "அவர் வாயில பொய்யே வந்ததில்லன்னீங்களேம்மா?"

"செத்துப்போனவங்களைப் பத்தி வேற எப்படிச் சொல்றது டாக்டர்?" என்றார் ஜெசிந்தாம்மா. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முழு ஈட்டி ஜெசின்னு சொன்ன அன்னிக்கும் இப்படித்தான் ஜன்னலைப் பார்த்தாரு. இப்பத்தான் ஞாபகம் வருது. இத்தனை நாள் யாரோ பெரிய மனுஷரோட போட்டோ மாதிரி இருந்தாரு. இப்பத்தான் அவரா இருக்காரு."

டெம்போவில் மறுபடியும் பின்னால்தான் ஏறினார். போகும்போது டாக்டருக்குக் கும்பிடு போட்டார். டாக்டர் அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு வக்கீலின் மேஜைக்கு ஒரு கோட் பாலிஷ் போடச் சொன்னார்.

மும்தாஜ் மேடத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். கண் எடுத்த குழியில் புட்டி மாவு வைத்து அடைத்தோம். ஈட்டியில் எண்ணெய் உண்டு, வெள்ளை அடிக்கும் முன் அரக்கு பூசி நன்றாகக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் சாயம் மேலே வரும் என்று எவ்வளவோ சொன்னேன். மகனுக்குப் புது வீட்டுக்குக் குடிபோகிற அவசரம், ஈரம் காயும் முன்பே எடுத்துப் போய்விட்டான், பெயிண்டரை வைத்து வீட்டிலேயே அடித்துக்கொண்டான். சில வாரத்தில் மும்தாஜ் மேடம் போன் செய்தார். வெள்ளைப் பெயிண்டின் மேல் மாமியார் ரோஸ் நிறத்தில் திரும்பி வந்துவிட்டாராம். புட்டி வைத்த இடத்தில் மட்டும் சாயம் ஏறவில்லை. "ஒரு கண்ணை மூடிக்கிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிக்கறாங்க அண்ணா. உயிரோட இருந்தப்ப ஒரு நாள்கூட இப்படிச் சிரிச்ச முகமா பார்த்ததில்ல. இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் ஜெசிந்தாம்மா வீட்டு பீரோவுக்கு வருஷம் ஒருமுறை மெழுகு போடப் போகிறேன். பக்கத்துத் தெருதானே. போன தடவை போனபோது பீரோவின் வலது கதவு மூடியிருந்தது. இடது கதவு மட்டும் முழுக்கத் திறந்து, சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அந்த ஓரக் கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா, ரெண்டு கதவையும் சேர்த்துத்தானே திறப்பீங்க?"

"இன்னிக்கு எங்களுக்குள்ள சண்டை" என்றார் ஜெசிந்தாம்மா. "நீ மெழுகு போட்டுட்டுப் போ ஆரோக்கியம். சாயங்காலம் நானே மூடிக்கறேன்."